வக்காலத்து

(சாணார்பட்டியில் நிகழ்த்தப்பட்ட நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)

 

கதையும் கவிதையும் பேசுகிற மேடையில் இந்த ஆண்டு வழக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்றதும், இலக்கிய அரங்கில் ஊபா சட்டத்துக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2018 ஜூன் 6 அன்று பீமா கோரேகான் வழக்கில் முதலில் கைதான ஐந்து பேரில் ஒருவர் கவிஞர். 'வித்ரோஹி' என்ற மராத்தி இதழின் ஆசிரியர் சுதிர் தவாலே. இன்னொருவர் நாக்பூர் வக்கீல் சுரேந்திர காட்லிங். இருவரும் தலித்துகள். எழுதுகிறவரையும், எழுதுகிறவருக்காகக் கோர்ட்டில் நிற்கிறவரையும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு இது எங்கள் அரங்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

கோர்ட் நமக்குப் புதிதில்லை. நத்தம் சாலையில் பஸ் பிடித்துத் திண்டுக்கல் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போய் வராத தெரு நம்மில் குறைவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு புகார் கொடுத்தால், மறுநாளே நம் பையன்கள் மேல் ஓர் எதிர் வழக்கு இருக்கும். அதற்கான வழியும் நமக்குப் பழகிவிட்டது. தெரிந்த வக்கீல் இருப்பார். மாங்காய் இறங்கியதும் பாதிப் பணம், தக்காளி விற்றதும் மீதி என்று ஃபீஸ் கொடுப்போம். மத்திய முகமை தொடுக்கும் வழக்கில் இந்தக் கணக்கெல்லாம் உதவாது. தேசியப் புலனாய்வு முகமையின் வழக்கென்றால் கோர்ட் பூந்தமல்லியில். இங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். குற்றப்பத்திரிகை வைக்க 180 நாள்வரை நீட்டிப்பு வாங்கலாம். ஜாமீன் கேட்டால், அரசுத் தரப்புக் காகிதங்களைப் பார்த்துக் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோலத் தோன்றினாலே மறுத்துவிட வேண்டும் என்கிறது ஊபாவின் 43டி(5) பிரிவு. எதிர்த் தரப்பு ஆதாரத்தை அந்தக் கட்டத்தில் உரசிப் பார்க்கக்கூட வழி மிகக் குறைவு என்று 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே தண்டனை ஓடத் தொடங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் வக்கீல் என்பவர் யார்? இதற்கு அண்ணல் அம்பேத்கரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அரசியல் நிர்ணய சபையில், உயிருக்கும் உரிமைக்குமான பிரிவிலிருந்து 'உரிய சட்ட நடைமுறை' என்ற காப்பு எடுக்கப்பட்டபோது வெளியே பெரிய எதிர்ப்பு இருந்தது. அந்த இழப்புக்கு ஈடாக 1949 செப்டம்பர் 15 அன்று அம்பேத்கர் ஒரு புதிய பிரிவை முன்மொழிந்தார். கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், தாம் விரும்பும் வக்கீலைக் கலந்துபேசவும் அவர் மூலம் தற்காத்துக்கொள்ளவும் விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இன்றைய 22-ஆம் பிரிவு அதுதான். அதே பிரிவின் பின்பாதியில் தடுப்புக் காவலும் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அம்பேத்கரைப் படமாக மாட்டி வைப்பவர்கள் அந்தப் பாதியைப் படிப்பதில்லை.

அவர் அதை ஏட்டறிவிலிருந்து மட்டும் எழுதவில்லை. 1926-இல் புனேயில், 'தேசாசே துஷ்மன்' என்ற நூலுக்காகப் பிராமணரல்லாத தலைவர்கள்மேல் அவதூறு வழக்கு வந்தபோது, அவர்களுக்காக வாதாடி வென்றவர் பாரிஸ்டர் அம்பேத்கர். 1934-இல் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதிய ர.தோ. கார்வேக்காக ஆபாச எழுத்து வழக்கில் வாதாடித் தோற்றார். கார்வே தலித் அல்ல. அந்தத் தோல்வியை நாம் அதிகம் நினைவுகூர வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இனி அந்த உரிமை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பீமா கோரேகான் வழக்கில் கைதான சுதா பரத்வாஜுக்கு 2021 டிசம்பர் 1 அன்று மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. காரணம் நடைமுறை சார்ந்தது. குற்றப்பத்திரிகைக்கான காலத்தை நீட்டித்த புனே நீதிபதிக்கு அந்த அதிகாரமே இல்லை. அவர் சிறப்பு நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டவர் அல்லர். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அதைக் கண்டுபிடித்தார்கள். அதே நாளில், அதே தீர்ப்பில், காட்லிங், தவாலே உள்ளிட்ட எட்டுப் பேருக்கு ஜாமீன் மறுக்கப்பட்டது. சுதா, குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே மனுக் கொடுத்திருந்தார்; மற்றவர்கள் உரிய நேரத்தில் கொடுக்கவில்லை என்றது நீதிமன்றம். சிறையில் இருப்பவருக்கு எண்பதாம் நாளா தொண்ணூறாம் நாளா என்பது ஒன்றுபோலத்தான் இருக்கும். நாளை எண்ணுவது வெளியே இருக்கும் வக்கீலின் வேலை. தவாலே வெளியே வர 2025 ஜனவரி ஆயிற்று. ஆறரை ஆண்டு.

பிரபீர் புர்காயஸ்தா விஷயமும் அப்படித்தான். ஊபாவில் 2023 அக்டோபர் 3 அன்று கைது. மறுநாள் விடிவதற்கு முன்பே நீதிபதி முன் கொண்டுபோனார்கள். அவருடைய வக்கீலுக்குத் தகவல் போவதற்குள் ரிமாண்ட் முடிந்துவிட்டது. கைதுக்கான காரணங்களை எழுத்தில் தரவில்லை, அதனால் அந்தக் கைதே செல்லாது என்று 2024 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இதைப் பெரிய நகரத்துப் பத்திரிகைக்காரர் கதை என்று ஒதுக்க வேண்டாம். விடிகாலை, வக்கீல் இல்லாத நேரம், கையெழுத்துப் போடச் சொல்லும் காகிதம். இது நம் தெருவுக்கும் தெரிந்த நேரம்தான்.

கம்ப்யூட்டர் ஆதாரம் பற்றியும் ஒரு வார்த்தை. ரோனா வில்சனின் கம்ப்யூட்டரில் இருந்த கடிதங்கள்தான் வழக்கின் முதுகெலும்பு. கைப்பற்றிய கருவிகளின் நகல் எங்களுக்கு வேண்டும் என்று வக்கீல்கள் விடாமல் கேட்டு வாங்கினார்கள். அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்டிங் நிறுவனம் அதை ஆராய்ந்து, அந்தக் கோப்புகள் வெளியிலிருந்து திருட்டு மென்பொருள் வழியாக உள்ளே வைக்கப்பட்டவை என்று 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. காட்லிங்கின் கம்ப்யூட்டரிலும் அப்படியே என்றது பின்னால் வந்த இன்னோர் அறிக்கை. அதன் உண்மை விசாரணையில்தான் முடிவாக வேண்டும். ஆனால் நகல் கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. இருபத்தாறு பேரில் ஒருவர்கூட மிச்சமில்லை. அன்று அவர்களுக்காகப் பேசவே ஆட்கள் பயந்தார்கள். பழ. நெடுமாறன் தலைமையில் 26 தமிழர் உயிர்காப்புக் குழு அமைந்து, மக்களிடம் நிதி திரட்டி மேல்முறையீட்டை நடத்தியது. மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் வாதாடினார். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் தடா குற்றச்சாட்டு பொருந்தாது என்றது. 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள் என்று நின்றது. தூக்கு நின்ற நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே, அவர் சொன்னதை முழுமையாக எழுதவில்லை என்று 2013-இல் ஒப்புக்கொண்டார். பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானார். அவர்களுடைய அரசியலில் நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது தனிப் பேச்சு. மேல்முறையீட்டுக்குப் பணம் இல்லாமல் போயிருந்தால் 26 கயிறு.

காட்லிங்கிடம் திரும்புவோம். அவருடைய கட்சிக்காரர்கள் பெரும்பாலும் ஆதிவாசிகளும் தலித்துகளும். பேராசிரியர் சாய்பாபாவுக்கு விசாரணை நீதிமன்றத்தில் வாதாடியவர் அவர். 2017-இல் சாய்பாபாவுக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. அடுத்த ஆண்டு வக்கீலே உள்ளே போனார். சாய்பாபாவை 2024 மார்ச் 5 அன்று உயர் நீதிமன்றம் விடுவித்தபோது, அந்த வழக்கை முதலில் சுமந்தவர் சிறையில் இருந்தார். 2020 ஆகஸ்டில் கொரோனாவில் அவருடைய தாயார் இறந்தபோது இடைக்கால ஜாமீன் கிடைக்கவில்லை. முதலாண்டு நினைவுக்குத்தான் சில நாள் விட்டார்கள். 2025 ஜூன் 6-உடன் ஏழு ஆண்டு நிறைந்தது. அன்றும் அவர் சிறையில். வக்கீலைப் பிடித்தால் ஒரு கைதி மட்டும் கூடுவதில்லை. அவர் பையில் இருந்த வக்காலத்துகள் அத்தனையும் அநாதையாகின்றன.

நம் திருச்சி விரகாலூர்க்காரர் ஸ்டேன் சுவாமியும் அதே வழக்குதான். ஜார்க்கண்டில் விசாரணையின்றி அடைபட்ட ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றம் போனவர். 83 வயதில் 2020 அக்டோபர் 8 அன்று கைதானார். நடுக்கவாதத்தால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை, உறிஞ்சு குழல் வைத்த குவளை வேண்டும் என்று அவருடைய வக்கீல்கள் மனுப் போட வேண்டியிருந்தது. முகமை பதில் சொல்ல 20 நாள் கேட்டது. நவம்பர் 26 அன்று, நாங்கள் அதைப் பறிமுதல் செய்யவில்லை என்று பதில் வந்தது. அன்று அரசியல் சாசன நாள். 2021 ஜூலை 5 அன்று உயர் நீதிமன்றத்தில் அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. அவர் இறந்துவிட்ட செய்தியை மருத்துவர் நீதிபதிகளிடம் சொன்னார்.

எங்கள் சக்திக்கு உட்பட்ட சிலவற்றை மட்டும் சொல்கிறோம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சம்பளச் சான்று கேட்டு அலைக்கழித்தால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். இலவச வக்கீல் எல்லோரும் சிரத்தையோடு பார்ப்பார்கள் என்று நாங்கள் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் முதல் ரிமாண்டு நாளில் ஆளே இல்லாமல் நிற்பதைவிட அது மேல். கைதுக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். கைதான தேதியை வீட்டில் ஒருவர் காலண்டரில் வட்டமிட்டு, நாளை எண்ணிக்கொண்டே வர வேண்டும்.

இன்னொன்று, வக்கீலாவது. சட்டம் படித்து முடித்த நம் பிள்ளைகள் பலர் பதிவுக் கட்டணம் கட்ட முடியாமல் வேறு வேலைக்குப் போனார்கள். பல மாநில பார் கவுன்சில்களில் அது பதினைந்தாயிரம், அதற்கும் மேல் என்று இருந்தது. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் வாங்கக் கூடாது. இந்தக் கூட்டத்துக்குச் சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர் வந்திருப்பதைப் பார்க்கிறோம். அந்த 125 ரூபாயை எங்கள் அரங்கு கட்டும். கோட்டும் கவுனும் தைக்கிற கூலியையும் சேர்த்து. கூட்டம் முடிந்ததும் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.