கல்லாய் நிற்கும் சொல்

நினைவுச்சின்னம் என்றாலே போர்தானா?

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகருக்குச் செல்லும் சுற்றுலாக் குழுக்களுக்கு அப்படித்தான் தோன்றும். நகர நடுவே 284 அடி உயரத்தில், 1902இல் திறக்கப்பட்ட போர்வீரர் நினைவுத் தூண். அதற்கு வடக்கே முதலாம் உலகப் போர் வீரர்களுக்கான மண்டபம். கால்வாய்க் கரையில், 1945இல் மூழ்கடிக்கப்பட்ட 'இண்டியானாபொலிஸ்' போர்க்கப்பலின் சின்னம். அதில் இருந்த ஏறத்தாழ 1,200 பேரில் பிழைத்தவர்கள் 316 பேரே.

இவற்றோடு பேருந்து ஏறிவிடுவோர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அது மார்ட்டின் லூதர் கிங் பூங்காவில் இருக்கிறது. 1968 ஏப்ரல் 4 இரவு, கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை, காவல்துறை எச்சரித்தும் கேளாமல், அங்கே திரண்டிருந்த கறுப்பின மக்களிடம் நேரில் சொன்னார் ராபர்ட் கென்னடி. தம் குடும்பத்தில் ஒருவரும் வெள்ளையரால்தான் கொல்லப்பட்டார் என்றார். வெறுப்பு வேண்டாம் என்று வேண்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம் மூண்டது. இண்டியானாபொலிஸ் அமைதி காத்தது. இரண்டே மாதங்களில் கென்னடியும் சுடப்பட்டு மாண்டார்.

1995இல் அங்கே அமைந்த சின்னத்தில், எதிரெதிர்ச் சுவர்களிலிருந்து இருவரும் கை நீட்டுகிறார்கள். கைகள் தொடவில்லை. மக்கள் நடப்பது அந்த இடைவெளியில்தான்.

மாண்ட வீரரைப் போற்றுவது கடமை. சாவைத் தடுத்த சொல்லைப் போற்றுவதும் கடமையே.