விரைவும் விழிப்பும்

நூறு கணினிகளைப் பேணுபவர் ஒரே வேலையை நூறு முறை கையாற் செய்தல் அரிது. இக்குறை நீக்க, மைக்ரோசாப்ட் நிறுவனம் 2006ஆம் ஆண்டு பவர்ஷெல் என்னும் கட்டளைக் கருவியை வெளியிட்டது. இன்று அதில் எழுதும் ஒரு கட்டளையை விண்டோஸ் கணினிகள் நூறும் ஒருங்கே நிறைவேற்றும்.

நன்மை விரையும் வழியே தீமையும் விரையுமன்றோ? 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருளுக்குத் தானாகவே சென்றடைந்த பிழையான புதுப்பிப்பினால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. 78 நிமிடங்களிற் பிழை மீளப்பெறப்பட்டும், வீழ்ந்தவற்றுட் பலவற்றை மனிதரே ஒவ்வொன்றாகச் சீர்செய்ய நேர்ந்தது.

பவர்ஷெல்லில் ‘வாட்இஃப்’ என்றொரு குறிப்பு உண்டு. மாற்றம் விளைக்கும் கட்டளைகள் பலவற்றோடு அதனைச் சேர்த்தால், எதனையும் மாற்றாமலே, நிகழவிருப்பதை முன்காட்டும். அவ்வாறு நோக்கிய பின்னரும், முதலிற் சில கணினிகளிற் சோதித்தே ஏனையவற்றிற்குப் பரப்புதல் நிருவாகியின் கடன்.