வண்டிக்கடியில் ஈரம் கண்டால்



கடன் வாங்கி லோடு வண்டி ஓட்டுகிற நாம், ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி காந்தி மார்க்கெட் புறப்படுமுன் வண்டிக்கடியில் குனிந்து பார்ப்போம். பச்சையாகவோ சிவப்பாகவோ சொட்டியிருந்தால் கூலண்டாக இருக்கலாம். ஹோஸ், கிளிப், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் – எங்கே ஈரம் என்று தேடுவோம்.

பாலத்து நெரிசலில் ஹீட் முள் ஏறினால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவோம். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வெளியே கசிவே இல்லாமல் கூலண்ட் குறைந்து, வெள்ளைப்புகையும் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுவோம்.

தினம் தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டினால் கசிவு தீராது. இன்று ஹோஸ் மாற்றுவது சின்னச் செலவு. விட்டால் எஞ்சினே போகும். அப்புறம் தவணையை எப்படிக் கட்டுவது? யோசிங்க!