சாவகத் தீவின் அரசன்



1898-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த மணிமேகலையில், சாவகத் தீவை ஆள்பவன் புண்ணியராசன். முற்பிறப்பில் அமுதசுரபி ஏந்திப் பசி தீர்த்த ஆபுத்திரன் அவனே. பௌத்த அறம் கேட்டதும் அவன் உள்ளம் துறவை நாடுகிறது. மணிபல்லவத்தில் புத்தபீடிகையைத் தொழுது பழம்பிறப்பும் உணர்கிறான்.

அரசன் துறவியாவதைச் சமயத்தின் வெற்றியெனச் சாத்தனார் பாடியிருக்கலாம். அவர் பாடவில்லை. அதே அறத்தைப் பின்பற்றும் மணிமேகலையே அவனைத் தடுக்கிறாள். நீயும் துறந்தால் மன்னுயிரைக் காப்பவர் யார் என்று வினவுகிறாள். உணவும் உடையும் உறையுளும் அளிப்பதே அறம் என்று உணர்த்தி, நாடு திரும்பச் சொல்கிறாள்.

ஒரு புதிய நெறி நாட்டைத் திருத்தியதா என அறிய, அரசனின் ஆடையைப் பார்க்க வேண்டா. குடிகளின் அடுப்பைப் பார்த்தால் போதும். எச்சமயத்துக்கும் இதுவே உரைகல்.