கடைசிக் கம்பத்து வீடு



மின்சாரம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது விளக்குதான். கரண்ட் போனால் "ஐயோ, இருட்டு" என்கிறோம். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, டெல்டா மக்கள் வேறொன்றைக் கண்டுகொண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. இருட்டை மெழுகுவர்த்தி வைத்துச் சமாளித்தார்கள். தண்ணீருக்குத்தான் தவித்தார்கள்.

ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற வேண்டுமானால் மோட்டார் ஓட வேண்டும். அது நின்றதும் குழாய்கள் வறண்டன. ஜெனரேட்டர் தங்கள் தெருவுக்கு எப்போது வருமென்று பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். சரி, மாவாவது கையால் அரைக்கலாம் என்றால், பல வீடுகளில் ஆட்டுக்கல் கொல்லையில் மண் மூடிக் கிடந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தினமும் குழவி சுற்றிய நம் தாய்மாரின் தோள்வலி தெரிந்தவர்கள் கிரைண்டரைப் பழிக்கமாட்டார்கள். 2011இல் தமிழக அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது, ஏழை வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது கொஞ்சம் ஓய்வும்தான். "ஆட்டுக்கல் மாவுதான் ருசி" என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்!

புயலுக்குப் பின் பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்தார்கள். வண்டி போகாத வயலில், சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். ஆனாலும் துணை மின்நிலையத்திலிருந்து மின்சாரம் வரிசையாகத்தான் வர முடியும். முதலில் நகரம், பிறகு சாலையோர ஊர், அதற்குப் பிறகே உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்பு. கடைசிக் கம்பத்து வீட்டுக்குக் கடைசியில்தான் வெளிச்சம். அதற்காக லைன்மேனைத் திட்டிப் பயனில்லை. முதலில் வெளிச்சம் வந்த வீட்டார் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. மோட்டாரைப் போட்டுத் தங்கள் தொட்டியை மட்டும் நிரப்பிக்கொண்டார்களா? குழாயை வாசலுக்கு இழுத்துவிட்டார்களா?

காணாமற்போன காசுக்காக விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடிய பெண்ணைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை அறிவீர்கள். காசு கிடைத்ததும் அவள் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டாள்.

இதற்குப் புயல் வரவேண்டியதில்லை. மாலையில் ஒரு டிரான்ஸ்பார்மர் பழுதானால் போதும், தெருவே இருண்டுவிடும். உங்கள் அன்பியத்தில் எந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, எந்த வீட்டில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இன்வெர்ட்டர் உள்ளவர்கள், அடுத்தமுறை எலக்ட்ரீசியன் வரும்போது, திண்ணை விளக்கையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு நூறு மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட் ஆகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து உட்கார ஒரு பாயையும் போட்டுவையுங்கள்.