விளக்கடியில் ஒரு வழக்கு
(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வலது குறைந்தோரைக் கல்வி நிலையங்களிற் சேர்த்துக்கொள்வதிற் பாகுபாடு காட்டலாகாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. அவர்தம் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. நல்லது. ஆயினும், இரவில் விளக்கடியில் வளர்ச்சி பிந்திய பிள்ளை கொப்பியைப் பார்த்து அழும்பொழுது, அதற்காக வாதாட அங்கே உங்களையன்றி எவருளர்?

பத்துக் கணக்குகள் கொடுக்கப்பட்டனவா? இரண்டைக் காட்டுங்கள், ஏனையவற்றைத் தாளொன்றால் மூடிவிடுங்கள். ஐந்தையும் மூன்றையும் கூட்டவேண்டுமாயின், புளியங்கொட்டைகளைக் கையிற் கொடுத்துத் தொட்டெண்ணச் செய்யுங்கள். கேள்வியைக் கேட்டபின் வாய் திறவாது பத்து விநாடி காத்திருங்கள். நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காகத் தவணை கேட்கும் நாம், பெற்ற பிள்ளைக்குப் பத்து விநாடித் தவணை கொடுக்க மறுக்கின்றோமே!

எழுதியதை அழித்தழித்து எழுதுவதும் சுவரை வெறித்து நோக்குவதும் பெரும்பாலும் பிடிவாதமன்று, களைப்பு. அப்பொழுது கொப்பியை மூடிவிடுங்கள். அடித்தால் எழுத்து வராது. எழுத்தின்மீது அச்சமே வரும்.

பிள்ளைக்காக விடையை நீங்களே எழுதிவிடாதீர்கள். அது பொய்ச் சாட்சியம். பிள்ளை விளங்கிக்கொண்டதென ஆசிரியர் நம்பி, மறுநாள் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவார். மாறாக, “இரண்டு கணக்குகள் செய்தது, இருபது நிமிடம் ஆயிற்று” என்று ஓரத்திற் குறித்தனுப்புங்கள். வீட்டுப்பாடத்தின் அளவைக் குறைத்துத் தருமாறும் கேளுங்கள். அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைக் கல்வியில் அளிக்கவேண்டுமென்பது அவ்வுடன்படிக்கையின் 24ஆம் உறுப்புரை. ஆதலால் பிச்சை கேட்பவர்போல் வாசலில் நில்லாதீர்கள். கொப்பியுடன் உள்ளே சென்று அமர்ந்து பேசுங்கள்.