நடக்க நேரம் வேண்டும்
(ஃபேரர் பார்க்கில் தாய்மார்களிடையே ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த ஃபேரர் பார்க் ஒரு காலத்தில் பந்தயத் திடல். 1933-ல் பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறும் வரை இங்கே குதிரைகள் ஓடின. பிறகு இளைஞர்கள் பந்தை விரட்டி ஓடினார்கள். பெண்களின் நடையைப் பற்றி இன்று நாம் பேசுவோம். அது அவர்கள் உயிரோடு சம்பந்தப்பட்டது.

சிங்கப்பூர்ப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் மார்பகம், பெருங்குடல், நுரையீரல் ஆகியவற்றுக்கு அடுத்து நிற்பது கருப்பைப் புற்றுநோய். பெரும்பாலும் இது கருப்பையின் உட்சுவரில் தோன்றுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் வேறு. அதற்கான சோதனையில் குறையில்லை என்றால் இதுவும் இல்லை என்று பொருளாகாது.

மாதவிலக்கு நின்றபின் உடற்கொழுப்பிலிருந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. கடிவாளம் போடும் புரோஜெஸ்ட்டிரோன் அப்போது இல்லாததால் உட்சுவர் மிகையாக வளர இடமுண்டு. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தாலும் ஆபத்து கூடும். உடல் அசைந்தால் கொழுப்பும் இன்சுலினும் அடங்குகின்றன.

அமெரிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்த 14 லட்சத்து 40 ஆயிரம் பேரைக் கவனித்த ஆராய்ச்சி ஒன்று 2016-ல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் மிகுதியாக உடற்பயிற்சி செய்த பெண்களுக்கு இந்நோய் 21 சதவிகிதம் குறைவாக இருந்தது. உடல் எடையையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது. அதாவது, பயிற்சியின் பலன் பெரிதும் எடையின் வழியாகவே வருகிறது. நடந்த களைப்புத் தீர இரண்டு புரோட்டாவும் தே தாரிக்கும் என்றால் கணக்கு நேராகிவிடும்!

ரப்பர்த் தோட்டத்தில் நம் அன்னையர் விடியுமுன் பெரட்டுக்குப் போனார்கள். மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டினார்கள். காண்டாவில் வாளிகளைச் சுமந்தார்கள். அவர்களை நடக்கச் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஓய்வெடுக்கச் சொல்லத்தான் ஆளில்லை. இன்று அவர்களின் பேத்திகள் மின்தூக்கியில் இறங்கி, ரயிலில் ஏறி, மேசையில் அமர்கிறார்கள். மாலையில் களைப்பு மிஞ்சுகிறது. ஆனால் உட்கார்ந்து களைப்பது உடலுழைப்பு ஆகுமா?

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் சுறுசுறுப்பான நடை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை வரை நடக்கிறோமே, அந்தக் கால்களுக்கு இது பெரிய காரியமா? வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி!

நேரமில்லை என்று பெண்கள் சொல்வது சோம்பல் அல்ல. ஆகவே தோழர்களே, அந்த அரை மணி நேரம் அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய நாம் இந்த அரை மணியை வீட்டில் மறுக்கலாமா?

நடப்பவர்களுக்கும் நோய் வரலாம். வந்தவர்மேல் பழி சுமத்த வேண்டாம். மாதவிலக்கு நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் வெட்கத்தை விட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அப்படி இரத்தம் படுவோரில் நூற்றுக்குச் சுமார் ஒன்பது பேருக்கே இந்நோய் இருக்கும். ஆனால் நோய் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுவே அறிகுறி. முன்கூட்டிக் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். பெண்களுக்கான கே.கே. மருத்துவமனை இங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது.

அந்த நடையை மட்டும் நாளைக்கென்று ஒத்திப்போடாதீர்கள்.